ஏற்காட்டுப் படங்களை அம்மா கையில் காகிதமாகக் கொடுக்க வேண்டும்: என்ன கேமரா, என்ன பிரின்டர்?

கொலுசுப்பட்டறை:

வணக்கம். சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். கேமரா விஷயத்தில் நான் கைநாட்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு மே மாதமும் தர்மபுரியிலிருந்து அக்கா குடும்பமும் ஓசூரிலிருந்து தம்பி குடும்பமும் வந்துவிடும். மொத்தம் 14 பேர். ரெண்டு வண்டியில் ஏற்காடு ஏறி மூன்று நாள் இருந்துவிட்டு இறங்குவோம். எல்லார் கையிலும் போன் இருப்பதால் போன வருஷம் மட்டும் 600 படத்துக்கு மேல் சேர்ந்தது. அம்மா அதில் பத்துப் படம்கூடப் பார்க்கவில்லை. வயது 76, ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. போனைக் கையில் கொடுத்தால் விரல் பட்டு அடுத்த படத்துக்கு ஓடிவிடுகிறது. அதைத் திருப்பிக் கொண்டுவருவதற்குள் திரை அணைந்துவிடும். "எனக்கு எதுக்குடா இந்தக் கண்ணாடிச் சில்லு, காகிதத்துல போட்டுக் குடு" என்றார்.

சரி என்று 40 படங்களைப் பொறுக்கி ஒரு கடையில் மேக்ஸி சைஸில் பிரின்ட் போட்டேன். ஏரிக்கரை குரூப் போட்டோவில் பின்வரிசையில் நின்ற மாமாவுக்கு நெற்றிக்கு மேல் ஒன்றுமில்லை. முன்னால் உட்கார்ந்த பிள்ளைகளுக்குப் பாதம் இல்லை. போனில் பார்த்தால் அத்தனையும் இருக்கிறது! பனிமூட்டத்தில் எடுத்தவை எல்லாம் அடுப்புச் சாம்பல் நிறத்தில் வந்தன. கேட்டதற்கு, "நீங்க குடுத்ததுதான் சார் வந்திருக்கு" என்றார்கள்.

அதனால் இந்த வருஷம் நல்ல கேமரா ஒன்றும் வீட்டிலேயே போட ஒரு பிரின்டரும் வாங்கலாம் என்று இருக்கிறேன். ரெண்டும் சேர்த்து 60,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். பிளஸ் ஒன் படிக்கும் மகன், நிலாவையே பக்கத்தில் காட்டும் ஜூம் கேமரா கேட்கிறான். பிரின்டர் கடைக்காரர் ஆறு கலர் இங்க் டேங்க் எடுங்கள் என்கிறார். நான் வருஷத்துக்கு 100, 150 படம் போட்டால் அதிகம்.

இன்னொன்று. எங்கள் குரூப் போட்டோவில் எப்போதும் 13 பேர்தான் இருப்பார்கள். எடுப்பது நான்.

பழைய ஸ்டுடியோ:

தம்பி, நாலு ரோடு பக்கம் 28 வருஷம் ஸ்டுடியோ நடத்தி மூடியவன் நான். உங்கள் மாமாவின் தலை எங்கே போனது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன் படம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் இருக்கும். மேக்ஸி என்பது ஆறுக்கு நாலு அங்குலம், அதாவது மூன்றுக்கு ரெண்டு. காகிதத்தின் அகலத்தை நிரப்பினால் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். மேலே பாதி, கீழே பாதி. உங்கள் மாமாவும் பிள்ளைகளும் அந்த ஒன்பதில் ஒன்றில் நின்றிருக்கிறார்கள். ஓரத்தில் வெள்ளை விட்டு முழுப்படமாகப் போடச் சொல்லியிருந்தால் எல்லாரும் வந்திருப்பார்கள். கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாங்கள் கேட்போம்.

அடுத்தது மெகாபிக்சல். ஆறுக்கு நாலு படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடித்தால் 1800 × 1200, சுமார் 22 லட்சம் புள்ளிதான் தேவை. இன்றைக்குக் கேமராவில் 2 கோடி என்று எழுதியிருக்கிறான். ஆகவே அந்த எண்ணைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள், உள்ளே ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு, அதாவது சென்சார், எவ்வளவு பெரியது என்று பாருங்கள். மகன் கேட்கும் பெரிய ஜூம் கேமராக்களில் பெரும்பாலும் சின்னஞ்சிறு சென்சார்தான், சுமார் 6.2 × 4.6 மில்லிமீட்டர். 'ஒரு அங்குலம்' என்று பெயர் வைத்திருப்பது 13.2 × 8.8. (பெயரில்தான் அங்குலம், அளந்தால் இருக்காது. அது வேறு கதை.) பரப்பில் நாலு மடங்கு. காப்பித் தோட்ட நிழலிலும் சாயங்கால மங்கலிலும் முகம் புள்ளி புள்ளியாக உதிராமல் நிற்பதற்கு அதுதான் காரணம். நிலாவை எத்தனை நாள் படம் எடுப்பான்? ரெண்டு நாள்.

உங்கள் தொகைக்குப் புதிய மிரர்லெஸ் (லென்ஸைக் கழற்றி மாற்றும் கேமரா) போனால் பிரின்டருக்கு மிச்சம் நிற்காது. பழையதில் சோனி ஆர்எக்ஸ்100 மூன்றாவது மாடல் தேடுங்கள். 2014-இல் வந்தது. லென்ஸ் 24 மில்லிமீட்டர் என்ற அகலக் கோணம் வரை விரிவதால் பின்னால் நகர இடமில்லாத இடத்திலும் 14 பேரை அடக்கலாம். சட்டைப்பையில் நுழையும். அதைவிட முக்கியம், அது இயல்பிலேயே மூன்றுக்கு ரெண்டு. மேக்ஸியில் தலை போகாது. வாங்கும்போது லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்திவலை போல் தெரிந்தால் பூஞ்சை, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஜூமை முழுக்க நீட்டி மடக்கிப் பாருங்கள், கரகர சத்தம் வரக்கூடாது. வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் உள்ளே போன தூசி கரும்புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும்.

பிரின்டரைப் பற்றிச் சாயங்காலம் எழுதுகிறேன், மருந்து போட்டுக்கொள்ள வேண்டும்.

அஞ்சுரோட்டுக்காரன்:

எதற்கு இவ்வளவு செலவு அண்ணா? போன் போதும். எடுக்கும்போதே தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இடம் விட்டு எடுங்கள். பென் டிரைவில் கொண்டுபோய் லேபில் போடுங்கள். 60,000 ரூபாய்க்கு அம்மா ஆயுசுக்கும் பார்க்கிற அளவு பிரின்ட் போடலாம். ஒன்று கேட்கிறேன், கடைக்கு எப்படி அனுப்பினீர்கள்? வாட்ஸ்அப்பிலா?

கொலுசுப்பட்டறை:

வாட்ஸ்அப்பில்தான். தப்பா?

அஞ்சுரோட்டுக்காரன்:

சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால்தான் அப்படியே போகும். சாம்பல் நிறத்துக்கு அது காரணம் இல்லை, ஆனால் முகத்தில் இருக்கும் நுணுக்கம் போயிருக்கும்.

காப்பித்தோட்டம்:

சாம்பலுக்கு நான் காரணம் சொல்கிறேன். ஏற்காட்டிலேயே இருக்கிறேன், வருகிறவர்கள் எடுக்கும் பனிப் படங்கள் பாதி இப்படித்தான் வரும்.

கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். எதிரே முழுக்க வெள்ளைப் பனி என்றால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து அடக்கிவிடும், பால் நிறம் சாம்பலாகிவிடும். பிளஸ், மைனஸ் குறி போட்ட ஒரு சக்கரம் அல்லது பட்டன் இருக்கும். அதை பிளஸ் 0.7 அல்லது 1-க்குத் தள்ளுங்கள். போனில் முகத்தைத் தொட்டால் வரும் சூரியக் குறியை மேலே இழுத்தால் அதே வேலைதான். பனி விலகியதும் மறக்காமல் பழையபடி வையுங்கள். நான் ஒருமுறை மறந்துவிட்டு, அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சியை எல்லாம் வெளுத்த வேட்டி மாதிரி எடுத்துவைத்தேன்.

சேலத்து வெயிலுக்கு ஏசி போட்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வருவீர்கள். கதவைத் திறந்ததும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள், சில்லிட்ட லென்ஸ் வேர்த்துவிடும். பத்து நிமிஷம் பைக்குள்ளேயே இருக்கட்டும். தோட்டத்துக்குள் சில்வர் ஓக் நிழலில் முகத்தில் வெயில் திட்டுத்திட்டாக விழும். ஒன்று முழு நிழலுக்கு வாருங்கள், இல்லை ஃபிளாஷ் போடுங்கள். லேடீஸ் சீட்டில் இருட்டிய பிறகு கீழே சேலம் விளக்குகள் வேண்டுமென்றால் கேமராவைச் சுவரில் வைத்து டைமரில் எடுங்கள், கையில் பிடித்தால் ஆடும். அதே டைமர்தான் உங்களையும் 14-ஆவது ஆளாகச் சேர்க்கும், 10 வினாடி தரும், ஓடிவரலாம்.

பையைத் தோளிலிருந்து கழற்றிப் பக்கத்தில் வைக்காதீர்கள். இங்குள்ள குரங்குகளுக்குத் தின்பண்டப் பையும் கேமராப் பையும் ஒன்றுதான்.

பழைய ஸ்டுடியோ:

பிரின்டருக்கு வருகிறேன். இங்க் டேங்க் பிரின்டர் நல்ல பொருள்தான், தினமும் ஓட்டுகிறவனுக்கு. உங்கள் ஊதுகுழல் முனை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அதைவிட மெல்லிய துளைகள் இந்தப் பிரின்டரின் மை தெளிக்கும் ஹெட்டில் இருக்கின்றன. மே மாதம் போட்டுவிட்டு தீபாவளி வரை மூடிவைத்தால் மை காய்ந்து அடைக்கும். படத்தில் கோடு கோடாக வரும். கிளீனிங் கொடுக்கக் கொடுக்க மைதான் தீரும்.

உங்களுக்கு டை சப்ளிமேஷன் பொருந்தும். கேனன் செல்ஃபி சிபி1500 மாதிரி. அதில் திரவ மையே கிடையாது, ரிப்பன்தான். சூடு பட்டதும் ரிப்பனில் உள்ள சாயம் ஆவியாகிக் காகிதத்துக்குள் இறங்கும். மஞ்சள், மெஜன்டா, சயான், கடைசியில் மேலே ஒரு கண்ணாடிப் பூச்சு. ஆக, காகிதம் நாலு முறை உள்ளே போய் வெளியே வரும். ஒரு படத்துக்கு முக்கால் நிமிஷம். அந்தப் பூச்சு இருப்பதால் ஈரக்கை பட்டாலும் கவலையில்லை. ஆறு மாசம் சும்மா இருந்தாலும் காய்வதற்கு அதில் ஒன்றுமில்லை.

குறையும் சொல்லவேண்டும். போஸ்ட்கார்டு அளவுக்கு மேல் போடாது, 148 × 100 மில்லிமீட்டர். காகிதமும் ரிப்பனும் எண்ணிக்கை பொருந்தி ஒரே கட்டாக வரும், 108 தாள் கட்டு வாங்குங்கள். அதன் விலையை 108-ஆல் வகுத்தால் ஒரு படத்தின் செலவு, ஒளிவுமறைவு இல்லை. லேபைவிடக் கூடத்தான். தாள் பின்பக்கமும் நீளும், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். தூசி விழுந்தால் படத்தில் வெள்ளைப் புள்ளி விழும், ஆகவே பட்டறையில் வைக்கவே வைக்காதீர்கள். தீர்ந்த ரிப்பனில் நீங்கள் போட்ட படமெல்லாம் நிறம் மாறித் தெரியும். கிழித்துப் போடுங்கள்.

அஞ்சுரோட்டுத் தம்பி சொல்வதிலும் பாதி சரி. பெரிய படம் வேண்டுமென்றால் லேப்தான். நீங்கள் வெள்ளிக்காரர் என்பதால் ஒன்று: லேப் காகிதத்தில் ஒளியை வாங்குவதே வெள்ளிக் கூட்டுப்பொருள்தான். கறுப்பு வெள்ளைக் காலத்தில் படம் கழுவ நாங்கள் பயன்படுத்திய ஹைப்போ கரைசலில் அந்த வெள்ளி கரைந்து இறங்கும், அதை வெள்ளி எடுக்கிறவர்கள் கேன் கேனாக வாங்கிப் போவார்கள். உங்கள் கொலுசில் எவர் கல்யாணப் போட்டோ இருக்கிறதோ!

கொலுசுப்பட்டறை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். போய் வந்தாயிற்று.

கேமரா பழையதுதான் எடுத்தேன். முதலில் பார்த்ததில் டார்ச் அடித்ததும் வலை தெரிந்தது, அப்படியே வைத்துவிட்டேன். ரெண்டாவது சுத்தம். கொலுசு டப்பாவில் போடும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டை அதன் பைக்குள்ளும் போட்டுவைத்திருக்கிறேன். மகனுக்கு ரெண்டு நாள் கோபம், இப்போது கேமரா அவனிடம்தான் இருக்கிறது.

பிரின்டரை விடுதி அறைக்கே கொண்டுபோனோம். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். முதல் தாள் மஞ்சளாக வெளியே வந்ததும், "என்னடா, உங்க மாமாவுக்குக் காமாலை வந்த மாதிரி இருக்கு" என்றார். நாலாவது முறை வந்ததும் வாங்கி, விரல் வைத்து ஒவ்வொரு தலையாக எண்ணினார். 14. நான் ஓடிவந்த வேகத்தில் ஒரு கால் செருப்பு இல்லாமல் நிற்கிறேன்.

போட்டது 77. அதில் மூன்று புள்ளி விழுந்து வீண், ஜன்னலைத் திறந்துவைத்துப் போட்டது என் தப்பு. அக்கா தன் படங்களை எல்லாம் இன்னொரு பிரதி கேட்டிருக்கிறார். மிச்சம் 31 தாளையும் ரிப்பனையும் தீபாவளி வரை எங்கே வைப்பது? பிரிஜ்ஜிலா?

பழைய ஸ்டுடியோ:

பிரிஜ் வேண்டாம், வேர்த்துவிடும். கவரில் சுற்றி பீரோவில் வையுங்கள். அக்காவுக்கு 31 பத்தாது, இன்னொரு கட்டு வாங்கிவிடுங்கள்.