'தகவலாளி'க்கு மாற்றாக 'வாய்மொழியாளர்': ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழு உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளுக்கு அட்டவணை தயாரிக்கும்போது, பேசியவரை எந்தச் சொல்லால் குறிப்பது என்று கேட்டிருந்தேன். வந்த பரிந்துரைகளுக்கு நன்றி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 'வாய்மொழியாளர்'. ஏன் என்பதற்கு, எங்கள் பதிவுகள் யாருடையவை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி பக்கம் வாழும் தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களின், அதாவது இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினரின், நேர்காணல்கள் இவை. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் தலைவிதியை எழுதியது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் ஒரு பகுதியினர், 1968-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் (இன்றைய டான்டீ) வேலைக்குச் சேர்ந்தார்கள். கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, விண்ணப்ப எண் என்று வாழ்நாள் முழுக்கக் காகிதங்களால் அளக்கப்பட்ட மக்கள். அவர்களுக்கு நாம் சூட்டும் பெயர் இன்னொரு படிவத்தின் கட்டம் போல இருக்கக் கூடாது என்பதே என் கவலை.

'தகவலாளி' நாட்டார் வழக்காற்றியலில் ஊன்றிய சொல்தான். ஆனால் தகவல் என்பது ஒருவரிடமிருந்து பெற்றுக்கொண்டு போய்விடக்கூடியது. பெற்ற பிறகு அவர் தேவையில்லை. இங்கே சொல்பவரும் சொல்லும் விதமும் வரலாற்றின் பகுதி. 'கதைசொல்லி' இனிய சொல். ஆனால் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்த ஒருவரின் வாழ்வைக் கற்பனையாக்கிவிடும். 'எடுத்துரைஞர்' இலக்கியத் திறனாய்வுக்குச் சொந்தமாகிவிட்டது. 'நேர்காணப்பட்டவர்' செயப்பாட்டுவினை, கேட்டவரே முதன்மை, சொன்னவர் அவருடைய கேள்விக்கு ஆட்பட்டவர் என்று ஆகிறது.

ஒரு நண்பர் 'வாக்குமூலம்' என்பதிலிருந்து 'வாக்குமூலர்' என்று ஆக்கலாம் என்றார். சொல்லளவில் இதைவிடப் பொருத்தமானது கிடையாது: வாக்கே மூலம், அதாவது பேச்சே சான்று. இந்தத் துறையின் சாரம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. ஆனால் அது நெடுங்காலமாகவே காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒப்புதல் வாக்குமூலம், மரண வாக்குமூலம் என்றுதான் நம் காது அதைக் கேட்கிறது. மலையக மக்களுக்கு இது வெறும் சொல்லாட்சிச் சிக்கல் அல்ல. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. அடுத்த ஆண்டு வந்த சட்டப்படி குடியுரிமைக்கு விண்ணப்பித்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர், தொடர்ந்து இத்தனை ஆண்டுகள் அந்நாட்டில் வசித்தோம் என்று அதிகாரிகள் முன் நிரூபிக்க வேண்டியிருந்தது. ஏற்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர்தான். அப்படியொரு விசாரணையைக் கண்ட குடும்பத்தில் போய் உட்கார்ந்துகொண்டு 'உங்கள் வாக்குமூலத்தைப் பதிவு செய்ய வந்திருக்கிறோம்' என்று சொல்ல என்னால் முடியாது.

'நினைவுரையாளர்' எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் 'நினைவுரை' என்றதும் மறைந்தவருக்கான கூட்டம்தான் பலருக்கும் தோன்றும். அந்தச் சொல்லை மறுத்தவர்கள் சொன்ன இன்னொரு காரணத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. நினைவு பிழைபடும், ஆகவே 'நினைவு' என்ற சொல் சான்றின் மதிப்பைக் குறைக்கும் என்றார்கள். ஏன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: இத்தாலியின் டெர்னி நகரத்தில் 1949 மார்ச்சில், நேட்டோ எதிர்ப்புப் போராட்டத்தின்போது லூய்ஜி டிராஸ்டுல்லி என்ற உருக்காலைத் தொழிலாளி போலீஸுடன் ஏற்பட்ட மோதலில் கொல்லப்பட்டார். பிற்காலத்தில் வாய்மொழி வரலாற்றாய்வாளர் அலெஸ்ஸாண்ட்ரோ போர்தெல்லி அந்த ஊர் மக்களிடம் கேட்டபோது, பலர் அதை 1953-இல், ஆலையில் பெருமளவு ஆட்குறைப்பு நடந்தபோது நிகழ்ந்த சாவாகவே சொன்னார்கள். போர்தெல்லி அதைப் பிழை என்று ஒதுக்கவில்லை. தங்கள் தோழரின் சாவுக்கு அந்த ஊர் எந்தப் பொருளைத் தேடியது என்பதை அந்த இடமாற்றத்தில் கண்டார். ஆவணம் இல்லாமல் அந்த இடமாற்றம் தெரிந்திருக்காது. பேச்சு இல்லாமல் அதன் காரணம் தெரிந்திருக்காது.

எங்கள் பதிவுகளிலும் இதே உறவுதான். தோட்டத்துச் செக்ரோலில் (வேலைநாள், கூலிப் பதிவேட்டில்) ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே அரை நாள் என்று இருக்கும். அதே நாட்களைப் பற்றி அவரிடம் கேட்டால், 'கொழுந்து நிறை போதவில்லையென்று அரைப்பேர் போட்டுவிட்டார்கள்' என்பார். முழு நாளும் மலையில் நின்ற ஒருவரின் பாதி நாள் எங்கே போயிற்று என்று ஏடு சொல்லாது. எத்தனை முறை அப்படி நடந்தது என்று அவருக்குக் கணக்கு இருக்காது. அதை ஏடு சொல்லும். ஆகவே நாம் தேடும் சொல், ஆவணத்துக்குப் பக்கத்தில் சமமாக நிற்க வேண்டும். அதைவிடக் கீழே நிற்கும் சொல் வேண்டாம்.

'வாய்மொழியாளர்' அப்படி நிற்கிறது. 'வாய்மொழி வரலாறு' ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. ஆகவே துறையின் பெயரும் ஆளின் பெயரும் ஒரே வேரில் கிளைக்கின்றன. 'வாய்' என்பதற்கு உண்மை என்ற பொருளும் உண்டு. 'வாய்மை' அதிலிருந்து வந்ததுதான். தொல்காப்பியம் பாட்டு, உரை, நூல் ஆகியவற்றோடு வாய்மொழியையும் சேர்த்தே எண்ணுகிறது. அங்கே அது மந்திரம், நிறைமொழி மாந்தரின் மறைமொழி. நம் பயன்பாடு வேறு என்றாலும், எழுத்தைவிடத் தாழ்ந்தது என்ற பொருள் அந்தச் சொல்லுக்கு மரபிலேயே இல்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று இதைப் புரிந்துகொள்ள மாட்டார்களா என்று கேட்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியரையும் தொழிற்சங்கத் தலைவரையும் இதே பெயரில் அட்டவணையில் சேர்க்கும்போது அந்த ஐயம் நீங்கிவிடும்.

ஒவ்வொரு பதிவின் முகப்பிலும் கலைச்சொல்லே வேண்டாம். 'சொன்னவர், கேட்டவர், எழுதியவர்' என்ற மூன்று வரிகள் போதும். உத்தரமேரூர்க் கல்வெட்டில் 'பணிக்க எழுதினேன்' என்று எழுதியவர் தம்மைச் சொன்னவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிறார். ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்குபவரும் அப்படித்தான் தம்மைப் பிரித்துக் காட்ட வேண்டும். ஏனென்றால் 'பெரட்டுக்களம்' (தோட்டத் தொழிலாளர்கள் காலையில் வேலைக்குக் கூடும் இடம்) என்று சொன்னதை 'மைதானம்' என்று திருத்திவிட்டால் அது எழுதியவரின் பேச்சாகிவிடும்.

ஒன்று மட்டும் தீரவில்லை. ஒருவரிடம் பேசப் போனால் அக்கம்பக்கத்தார் நாலு பேர் சேர்ந்துகொண்டு, ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்கிறார்கள். அப்படிப்பட்ட பதிவுக்கு யார் வாய்மொழியாளர்? எல்லார் பெயரையும் வரிசையாகப் போடுவதா, 'கூட்டு வாய்மொழி' என்று தனி வகையாக்குவதா? இலங்கையில் சுவடிக்கூடங்களோடு பணியாற்றும் உறுப்பினர்கள் அங்குள்ள வழக்கத்தைச் சொன்னால், இரு கரைக்கும் பொதுவான ஒரு முறையை வகுத்துவிடலாம்.

அன்புடன்.