டீ பெக்டரி அனுபவத்தோடு வைன் ஆலை அறுவடை வேலைக்குப் போகலாமா?

ஊவாக்காற்று:

எல்லோருக்கும் வணக்கம். அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பெக்டரியில் உதவி டீமேக்கராக இருக்கிறேன். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பம் படித்தவன். இப்போது சீசன் உச்சம். கச்சான் காற்று விடாமல் அடிக்கிறது, கொழுந்து குறைவு, ஆனால் வாசம் தூக்கியடிக்கிறது. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்துதான் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். டவுனில் ஒரு ஏஜென்ட், பெப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அவுஸ்திரேலியாவில் வைன் ஆலைகளில் அறுவடைக் காலம், ஆள் தேவை, 'திராட்சை விசா' எடுத்துத் தருகிறேன் என்கிறார். 12 இலட்சம் ரூபா, பாதி முன்பணம். அம்மா முப்பது வருஷமாகக் கொழுந்து பறிக்கிறார். நகையை அடகு வைக்கலாம், போய் வா என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அங்கே என்ன வேலை, நம் பெக்டரி அனுபவத்துக்கு அங்கே மதிப்பு உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. வீட்டுக்குப் பின்னால் ஒரு திராட்சைக் கொடி ஏற்றியிருக்கிறேன். நம் பக்கம் அது காய்க்குமா?

தெமோதரை அண்ணன்:

தம்பி, முன்பணம் ஒரு சதமும் கொடுக்காதீங்க. என் மச்சினன் இப்படித்தான் ஒருத்தரை நம்பிக் கொடுத்து, கடைசியில் கையில் கிடைத்தது வெறும் விசிட் விசா விண்ணப்பம். அதுவும் நிராகரிப்பு. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989க்கு ஒரு கோல் எடுத்து, அந்த ஏஜென்டுக்கு லைசன்ஸ் இருக்கிறதா, இந்த வேலைக்கு அவருக்கு அனுமதி இருக்கிறதா என்று இரண்டையும் கேளுங்க. லைசன்ஸ் மட்டும் இருந்தால் போதாது.

பொகவந்தலாவைக்காரி:

தம்பி, நான் அடிலெய்டில் உணவு விஞ்ஞானம் படித்தபோது, பரோசா பள்ளத்தாக்கில் ஒரு வைன் ஆலையில் அறுவடைக் காலத்தில் வேலை செய்தவள். இப்போது ஊரில்தான் இருக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் விசா. 'திராட்சை விசா' என்று ஒன்று கிடையாது. பருவகால விவசாய வேலைக்கு அவுஸ்திரேலியா ஆள் எடுக்கும் பெரிய திட்டம் பசிபிக் தீவு நாடுகளுக்கும் திமோர் லெஸ்தேக்கும் உரியது. இளைஞர்கள் வேலை செய்துகொண்டே ஊர் சுற்றக் கொடுக்கும் விசாப் பட்டியலில் இந்தியா இருக்கிறது, இலங்கை இல்லை. என்னைப் போல மாணவர் விசாவில் போனால் வேலை செய்யலாம், ஆனால் பாடம் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணித்தியாலம்தான். அறுவடைக் காலத்தில் ஆலைகளில் 12 மணித்தியால ஷிப்ட் சாதாரணம். கணக்குப் பாருங்கள், நான்கு ஷிப்டோடு முடிந்துவிடும். பல்கலைக்கழகம் தொடங்குவதும் அறுவடை சூடு பிடிப்பதும் ஒரே நேரம். விடுமுறை மிச்சம் இருக்கும் பெப்ரவரி நாட்களில்தான் நான் கூடுதலாகச் செய்தேன். அம்மாவின் நகையை அந்த ஆளிடம் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

இனி வேலை. உங்கள் அனுபவத்துக்கு அங்கே நிச்சயம் மதிப்பு உண்டு, இதை நான் முகத்துக்காகச் சொல்லவில்லை. பறித்த கொழுந்து யாருக்கும் காத்திருக்காது என்று உங்களுக்குத் தெரியும். திராட்சையும் அப்படித்தான். வெயில் ஏறினால் பழம் சூடாகி, சாறு தானாகவே புளிக்கத் தொடங்கிவிடும். அதனால் பெரும்பாலும் இரவில் இயந்திரத்தால் அறுவடை செய்கிறார்கள். இயந்திரம் கொடி வரிசையின் மேலாகக் கால் பரப்பிப் போகும், கொடியை உலுக்கும், பழம் உதிர்ந்து விழும். நள்ளிரவு தாண்டி லொறிகள் வரிசையாக வந்து நிற்கும். எடைப்பாலத்தில் ஏற்றி நிறை பார்த்து, சாற்றில் இனிப்பு எவ்வளவு என்று சோதித்து, ரசீதைக் கையில் கொடுப்பார்கள். அந்த ரசீதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவம் நினைவுக்கு வரும். தண்ணிக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு, மிச்சத்தில் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நான். அம்மாவுக்கும் இப்படி ஒரு ரசீது கொடுத்திருந்தால் என்ன என்று இன்றைக்கும் ஆதங்கம்தான்.

நமக்குத் தரும் வேலையில் பெரும்பகுதி கழுவுவது. தொட்டி, குழாய், பம்ப், தரை எல்லாம். காரம் விட்டுக் கழுவி, சிட்ரிக் அமிலத்தால் அதை முறித்து, தண்ணீர் அடிக்க வேண்டும். அப்புறம் சிவப்பு வைன் தொட்டிகளில் தோல் மேலே எழும்பித் தடித்த மூடியாக நிற்கும். அடியிலிருந்து சாற்றை இறைத்து அந்த மூடியின் மேல் ஊற்றி நனைக்க வேண்டும். நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன.

எனக்குப் பிடித்த வேலை அளவு பார்ப்பது. காலையும் மாலையும் ஒவ்வொரு தொட்டியிலும் குழாயைத் திறந்து, முதலில் வருவதை விட்டுவிட்டு, ஒரு உருளையில் சாறு பிடிப்போம். அதை இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஊற்றி வாயுவைப் போக்க வேண்டும். இல்லாவிட்டால் குமிழ்கள், இனிப்பை அளக்க உள்ளே மிதக்க விடும் ஹைட்ரோமீட்டரைத் தூக்கிவிட்டு, இனிப்பை உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். ஹைட்ரோமீட்டரை விரலால் ஒரு சுழற்று சுழற்றி, அது நின்றதும் கண்ணைச் சாற்றின் மட்டத்துக்கு இறக்கி எண்ணைப் பார்த்து எழுதுவோம். அங்கே அந்த அளவுக்குப் போமே என்று பெயர். ஒரு போமே இனிப்பு ஏறக்குறைய ஒரு வீத மதுசாரமாக மாறும். 13, 14இல் தொடங்கும் ஷிராஸ் என்ற சிவப்புத் திராட்சைச் சாறு நாளுக்கு நாள் இறங்கி, கடைசியில் பூச்சியத்துக்கும் கீழே போகும். மதுசாரம் தண்ணீரைவிட இலேசு என்பதால் அப்படி.

வேதியியலில் உங்களுக்கு ஒரு விஷயம் நிச்சயம் பிடிக்கும். நாம் பெக்டரியில் 'புளிக்க வைப்பது' என்று சொல்வதில் ஈஸ்டுக்கு வேலை இல்லை. இலையிலுள்ள பொலிபீனோல் ஒக்சிடேஸ் நொதி காற்றோடு சேர்ந்து இலையைச் செம்பு நிறமாக்குகிறது, சரியான நேரத்தில் ட்ரையரில் போட்டு அதை நிறுத்துகிறோம். அதே நொதி திராட்சையிலும் இருக்கிறது. நசுக்கிய வெள்ளைத் திராட்சைச் சாற்றை அது பழுப்பாக்கிவிடும். அதனால் நாம் ஆசைப்பட்டு வளர்க்கிற அந்த நிறம் வந்துவிடாமல் இருக்க, அவர்கள் சல்பர் டைஒக்சைடும் குளிரும் வைத்துக் காவல் காக்கிறார்கள்.

இப்போது சொல்லப்போவதைக் கட்டாயம் மனதில் வையுங்கள். ஒரு லீட்டர் சாறு புளித்து முடிவதற்குள் ஐம்பது லீட்டருக்கும் மேல் கரியமில வாயு வெளிவரும். அது காற்றைவிடக் கனம். சாற்றை வடித்த பிறகும் தொட்டிக்குள் தங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. மண்வெட்டியோடு உள்ளே இறங்கித் தோலை வாரும் வேலை வரும். வாயுமானி வைத்துப் பார்க்காமல், வெளியே ஒருவர் நிற்காமல், எழுத்தில் அனுமதி இல்லாமல் இறங்கவே கூடாது. தலையைக்கூட நீட்டக் கூடாது. விழுந்தவரைக் காப்பாற்ற யோசிக்காமல் குதிக்கும் இரண்டாவது ஆளும் சேர்ந்து சாவதுதான் இந்த விபத்துகளின் கொடுமை. எந்த மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே நில்லுங்கள்.

இன்னொன்றும் உங்களுக்குச் சொல்ல ஆசை. பரோசா இருக்கும் தென் அவுஸ்திரேலியா மாநிலத்தில் ஃபைலோக்சரா என்ற வேர்ப் பேன் கிடையாது. 1860களில் பிரான்சுக்குள் நுழைந்து அங்கத்தைய தோட்டங்களை நாசமாக்கியது அதுதான். இன்றைக்கும் பரோசாவில் தோட்டத்துக்குள் போக வேண்டுமென்றால் சப்பாத்தைக் கிருமிநீக்கம் செய்துவிட்டுத்தான் போக வேண்டும். அதனால்தான் 1843இல் நட்ட ஷிராஸ் கொடிகள் சொந்த வேரிலேயே இன்னும் காய்க்கின்றன. நம் மலையில் 1869இல் வந்த இலைத்துரு நோயில் கோப்பி அழிந்தது. நம் பாட்டன்மார் கோப்பிக்கென்று வந்து, அதே மலைகளில் தேயிலைக்கு மாறினார்கள். அந்தக் கிழட்டுக் கொடிகளுக்கு முன்னால் நின்றபோது எனக்கு அதுதான் ஓடியது.

வெலிமடைத் தோட்டம்:

திராட்சைக் கொடியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். நானும் வைத்திருக்கிறேன், யாழ்ப்பாணத்தில் போடும் இஸ்ரேல் புளூ என்ற இனம். நம் நாட்டில் கொடிக்குக் குளிர்கால உறக்கம் இல்லை, கவ்வாத்து வெட்டித்தான் பூக்க வைக்க வேண்டும். வெட்டியதிலிருந்து பழுக்க நாலு மாதமளவில் ஆகும். மார்ச்சில் வெட்டினால் ஜூலை வறட்சியில் பழுக்கும், அதுதான் நம் ஊவாவுக்குத் தோது. ஏப்ரல் மழையில் இலைக்கு அடியில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும், அதுதான் பெரிய தலையிடி. கொப்புள நோய்க்குத் தேயிலைக்கு அடிக்கிற மாதிரிச் செம்பு மருந்து அடிக்கலாம், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. கொடியை நெருக்கமாக விடாதீங்க, காற்று உள்ளே புக வேண்டும். சாப்பிடப் பழம் கிடைக்கும். மதுவரி லைசன்ஸ் இல்லாமல் வைன் மட்டும் போட்டுவிடாதீங்க, அது குற்றம்.

ஊவாக்காற்று:

ரொம்ப நன்றி. இன்றைக்குக் காலையில் 1989க்குப் பேசினேன். ஏஜென்டுக்கு லைசன்ஸ் இருக்கிறது, ஆனால் அவர் சொன்ன வேலைக்கு அனுமதி எதுவும் பதிவில் இல்லையாம். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், நகை வீட்டிலேயே இருக்கிறது. அக்கா, மாணவர் விசா வழியைத்தான் யோசிக்கிறேன். அங்கே கையால் பறிப்பதும் உண்டா? அம்மா கேட்கச் சொன்னார்.

பொகவந்தலாவைக்காரி:

நல்ல காரியம் தம்பி. உண்டு, பழைய கொடிகளிலும் விலை கூடிய வைனுக்கும் கையால்தான் பறிக்கிறார்கள். சின்னக் கத்தரியால் காம்பை வெட்டிக் குலையை வாளியில் வைப்பார்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் கொழுந்து பறிக்கிற வேகத்துக்கு நிகராக அங்கே நான் யாரையும் பார்க்கவில்லை.

அடிலெய்டுப் பல்கலைக்கழகத்தில் வைட் வளாகம் என்ற இடத்தில் வைன் விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறார்கள், புலமைப்பரிசில் விபரங்களை முதலில் பாருங்கள். சி.வி. எழுதும்போது, ராத்திரி ஷிப்ட் நடத்தியது, ட்ரையர் வெப்பநிலைப் பதிவேடு எழுதியது, பெக்டரி சுத்தம் பார்த்தது மூன்றையும் முதல் பந்தியிலேயே போடுங்கள். எழுதி முடித்ததும் அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.