ராணுவங்களின் சைபர் தாக்குதலில் நடுவில் மாட்டிய அனுபவம் உண்டா?

கார்கிவ் மாணவன்:
2022 பிப்ரவரி 15, உக்ரைன். அப்பா அனுப்பிய பணத்தை எடுக்க வரிசையில் நிற்கிறேன். தொழில்நுட்பக் கோளாறு, ஏடிஎம்கள் இயங்காது என்று மெசேஜ். வரிசையில் பாதிப் பேர் போனைப் பார்க்கிறார்கள். அதே நேரம் எனக்கு முன்னால் நின்ற பாட்டிக்கு மெஷின் ஹ்ரிவ்னியா நோட்டுகளை எண்ணித் தள்ளுகிறது! பாட்டி பணத்தை மறுபடி மறுபடி எண்ணினார். மெசேஜ் பொய். ஆனால் வங்கி ஆப் உண்மையாகவே திறக்கவில்லை. மூன்றே நாளில் அமெரிக்காவும் பிரிட்டனும் ரஷ்ய ராணுவ உளவுத்துறையைக் கைகாட்டின. எது பொய், எது நிஜம் என்று தெரியாமல் நின்ற அந்தப் பத்து நிமிடம் இன்னும் உறுத்துகிறது.

நவசேவா செல்வம்:
2017 ஜூன் கடைசி, நாட்பெட்யா என்ற கணினி வைரஸ். உக்ரைனில் வரிக்கணக்கு மென்பொருளின் அப்டேட்டில் வைத்த வேட்டு, மும்பை அருகே எங்கள் நவசேவா துறைமுகத்தில் வெடித்தது. கேட்டில் லாரி நகரவில்லை, எல்லாம் கைச்சீட்டு. திரையில் 300 டாலர் பிட்காயின் கேட்டது. எங்கள் டிரைவர் ஒருவர், "இவ்வளவுதானா? ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டிவிடலாமே சார்" என்றார்.

ரவி:
செல்வம் அண்ணா, இது பணம் பறிக்கும் கும்பல் வேலை. ராணுவத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

ஹாம்பர்க் தமிழன்:
ரவி, கட்டியிருந்தாலும் ஃபைல் திரும்பாது, வைரஸின் நிரலையே அப்படித்தான் எழுதியிருந்தார்கள். பணம் கேட்டது வெறும் வேஷம். 2020 அக்டோபரில் அமெரிக்கா குற்றம்சாட்டிய ஆறு பேரும் ரஷ்ய ராணுவ உளவுத்துறையான ஜிஆர்யூவின் 74455 பிரிவு அதிகாரிகள்.
என் கதை சின்னது. 2022 பிப்ரவரி 24 காலை, என் திரையில் காற்றாலைப் பட்டியல் முழுக்கச் சாம்பல் நிறம், ஒன்றோடும் தொடர்பில்லை. ரஷ்யா உக்ரைன் மீது படையெடுப்பதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பு செயற்கைக்கோள் மோடம்களை அழித்துவிட்டார்கள். மத்திய ஐரோப்பாவில் 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்பு போச்சு. பக்கத்துப் பண்ணைக்காரருக்கு போன் போட்டால், "ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், நன்றாகத்தானே சுற்றுகிறது" என்கிறார்.
சரி, எல்லோருக்கும் சொல்கிறேன். பேக்கப்பில் ஒன்றாவது ஒயரைப் பிடுங்கிய ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும். நெட்டில் மாட்டியே வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து போகும். நாட்பெட்யாவில் சிக்கிய பெரிய கப்பல் கம்பெனிக்கு உலகம் முழுக்க ஒரே ஒரு முக்கிய சர்வர்தான் தப்பியது, கானாவில். காரணம், அங்கே அப்போது கரண்ட் கட்! அப்புறம் மாதம் ஒருமுறை அந்த டிஸ்க்கை மாட்டி, ஃபைல்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். அட்மின் பாஸ்வேர்டு எல்லா மெஷினிலும் ஒன்றாக இருக்கக் கூடாது. போன் நம்பர்களைத் தாளிலும் எழுதி வையுங்கள்.

நவசேவா செல்வம்:
டிஸ்க் இருக்கட்டும் தம்பி. அன்றைக்கு எங்களிடம் தீர்ந்துபோனது கார்பன் பேப்பர்.