நகராட்சிக் குப்பை வண்டிகளின் டீசல் செலவு: எங்கிருந்து தொடங்குவது?

காவிரிக்கரை:

டெல்டா பக்கம் ஒரு நகராட்சியில் துப்புரவு ஆய்வாளராக இருக்கிறேன். தெருத்தெருவாகக் குப்பை எடுக்கும் டீசல் மினி டிப்பர்கள், இரண்டு கம்பேக்டர் (குப்பையை அமுக்கி ஏற்றும் லாரி), உரக்கிடங்குக்கு நடை அடிக்கும் டிராக்டர்கள், ஒரு தண்ணீர் லாரி, அலுவலக ஜீப் எல்லாம் ஓடுகின்றன. பேட்டரி வண்டிகளும் வாங்கினோம். பாதிக்கு மேல் ஷெட்டுக்குப் பின்னால் நிற்கின்றன, சீட்டில் கோழி முட்டையிடுகிறது.

டீசல் பில் கையெழுத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஆணையாளர் என்னைத்தான் கூப்பிடுகிறார். இப்போது, "மொத்தமாக எலக்ட்ரிக்குக்கு மாறிவிடலாம், செலவும் குறையும், கார்பனும் குறையும், மன்றத்தில் வைக்க ஒரு குறிப்பு தயார் பண்ணுங்கள்" என்கிறார். மறுபடியும் வாங்கி மறுபடியும் நிறுத்தினால் கவுன்சிலர்கள் சும்மா விட மாட்டார்கள். பணமும் ஒரே தவணையில் வராது. முதல் வருடம் எதில் கை வைப்பது? கார்பனை எண்ணாகப் போட வேண்டுமாம், அதை எப்படிக் கணக்கிடுவது?

பழைய ஃபோர்மேன்:

தம்பி, நான் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே விடிந்தால் பேச்சே கேஎம்பிஎல்தான். எந்த பஸ், எந்த டிரைவர், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று போர்டில் எழுதி வைத்துச் சண்டை போடுவோம். ஓய்வுக்குப் பிறகு ஒரு நகராட்சியில் வண்டிகளைப் பார்த்துத் தரச் சொன்னார்கள். லாக் புக்கைப் புரட்டினால் எல்லா வண்டியும் வருடம் முழுக்க ஒரே மைலேஜ்! டேஷ்போர்டுக்குக் கீழே எட்டிப் பார்த்தால் மீட்டர் கேபிள் அறுந்து தொங்குகிறது. போட்ட டீசலை வைத்துக் கிலோமீட்டரைத் திருப்பி எழுதியிருக்கிறார்கள்.

அதனால் முதல் செலவு மீட்டர் கேபிளுக்கு. பிறகு எப்போது டீசல் போட்டாலும் டேங்க் நிரம்பப் போடுங்கள். ஒரு ஃபுல் டேங்கிலிருந்து அடுத்த ஃபுல் டேங்க் வரை ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுத்தால் பொய் சொல்ல இடமில்லை. கம்பேக்டருக்கும் டிராக்டருக்கும் கிலோமீட்டர் கணக்கு சரிவராது, நின்ற இடத்திலேயே எஞ்சின் வேலை செய்யும். ஹவர் மீட்டர் பொருத்தி மணிக்கு எத்தனை லிட்டர் என்று பாருங்கள். இரண்டு மாதத்தில் எந்த வண்டி குடிக்கிறது, எந்த வண்டியின் டீசல் வேறெங்கோ போகிறது என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது, காலை ஆறரை மணிக்கு ஏதாவது ஒரு தெருமுனையில் போய் நில்லுங்கள். டிப்பர் நிற்கும், பணியாளர்கள் வீடுவீடாகப் போய் வாங்கி வருவார்கள், எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். டிரைவரைத் திட்டாதீர்கள், ஏன் அணைக்கவில்லை என்று கேளுங்கள். "செல்ஃப் எடுக்காது சார், அணைத்தால் தள்ளணும்" என்பார். நான் பார்த்த இடத்தில் பாதி வண்டிக்கு இதே கதைதான். பேட்டரி செத்துப் போயிருக்கும், இல்லை செல்ஃப் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். சின்ன டீசல் எஞ்சின் சும்மா நின்றாலே மணிக்கு அரை லிட்டர் போய்விடும். மூன்று மணி நேரம் இப்படி நின்றால் ஒன்றரை லிட்டர். சில ஆயிரம் ரூபாய் பேட்டரிக்கு இண்டென்ட் (வாங்கக் கேட்கும் சீட்டு) பாஸ் ஆகாமல் கிடக்க, அதைப்போல் பல மடங்கு டீசல் புகையாகப் போகிறது.

வண்டி ஷெட்டுக்குத் திரும்பியதும் நாலு சக்கரத்தின் பிரேக் டிரம் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அடுப்பு மாதிரி அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள், உரக்கிடங்குத் தூசி கொட்டும். டயர் காற்றை வாரம் ஒரு முறை கேஜ் வைத்துப் பாருங்கள், காலால் உதைத்துப் பார்ப்பது கணக்கில்லை.

கார்பன் கணக்கு சுலபம். டீசல் ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. லிட்டர் ஒரு கிலோகூட எடை இல்லையே என்று மன்றத்தில் யாராவது மடக்குவார்கள். மீதி எடை காற்றிலிருந்து சேரும் ஆக்சிஜன் என்று சொல்லுங்கள்.

ஒரு மினி டிப்பர் நாளைக்கு 36 கிலோமீட்டர், லிட்டருக்கு 12 என்று வைத்துக்கொள்வோம். 3 லிட்டர். டீசல் 93 ரூபாய் என்றால் 279 ரூபாய், கார்பன் 8 கிலோ. அதே ஓட்டத்துக்கு எலக்ட்ரிக் வண்டி, சார்ஜர் இழப்பும் சேர்த்து, 7 யூனிட் எடுப்பதாகப் போடுங்கள். யூனிட் 10 ரூபாய் என்றாலும் 70 ரூபாய்தான். ஆனால் மத்திய மின்சார ஆணையக் கணக்கில் நம் மின்தொகுப்பின் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன். 7 யூனிட்டுக்கு 5 கிலோ. ஆக, ரூபாய் நாலில் ஒரு பங்காகிறது, கார்பன் எட்டிலிருந்து ஐந்துக்குத்தான் இறங்குகிறது. ஜீரோ எமிஷன் என்று மட்டும் குறிப்பில் எழுதிவிடாதீர்கள்.

எலக்ட்ரிக் வாங்கினால் இந்த மினி டிப்பர்களுக்குப் பதிலாக வாங்குங்கள். நின்று நின்று போகும் வேலை டீசலுக்குப் பகை, மோட்டாருக்கு உறவு. கம்பேக்டரை இப்போது தொடாதீர்கள்.

கொங்கு டிரைவர்:

ஃபோர்மேன் ஐயா சொன்னது அத்தனையும் சரி. செல்ஃப் விஷயத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன்.

பேட்டரி வண்டி ஏன் படுக்கிறது என்று ஓட்டுகிறவனாகச் சொல்கிறேன். எங்களுக்கு முதலில் வந்தது லெட்-ஆசிட். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற யாருக்கும் பொறுப்பு கிடையாது. முழுசாக இறங்கிய பேட்டரியை இரண்டு நாள் லீவில் சார்ஜ் போடாமல் விட்டால் தகட்டில் சல்பேட் படிந்துவிடும், அதற்கப்புறம் அது பழைய பேட்டரி இல்லை. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நாலு வண்டி மாட்டுவார்கள், ராத்திரி வோல்டேஜ் இருக்காது, காலையில் பாதி சார்ஜ். வேலை முடிந்ததும் பிரஷர் பைப்பால் வண்டியைக் கழுவினால் மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டிக்குள் தண்ணீர். குப்பைச் சாறு சொட்டிச் சொட்டி வயரையும் அரித்துவிடும். கம்பெனிக்கு போன் போட்டால் ஆள் வரவே மாட்டார்.

லித்தியம் வண்டி வந்த பிறகு தேவலை. அதற்கும் கூரை போட்ட இடமும் வண்டிக்கு ஒரு பிளக்கும் வேண்டும். வண்டி வருவதற்கு முன்பே அதைச் செய்துவிடச் சொல்லுங்கள் சார்.

மாடித்தோட்டம்:

இந்தூரில் குப்பையிலிருந்தே பயோ சிஎன்ஜி என்ற எரிவாயு எடுத்து பஸ் ஓட்டுகிறார்களே, அதை ஏன் யாரும் பேசவில்லை?

பழைய ஃபோர்மேன்:

நல்ல திட்டம்தான். 2022இல் திறந்தார்கள். ஆனால் அது நாளைக்கு 550 டன் ஈரக் குப்பை தின்னும் ஆலை. ஒரு சின்ன நகராட்சியின் மொத்தக் குப்பையும் அதற்கு ஊறுகாய்க்குக் காணாது. மாநகராட்சிகள் யோசிக்கட்டும்.

நம் அளவுக்கு வேறு வழி இருக்கிறது. குப்பையில் பாதி எடை ஈரக் குப்பை. வார்டுக்குப் பக்கத்திலேயே நுண் உரம் செயலாக்க மையம் (ஈரக் குப்பையை உரமாக்கும் சின்னக் கூடம்) இருந்தால் அந்தப் பாதி உரக்கிடங்கு வரை போகத் தேவையில்லை, டிராக்டர் நடை குறையும். கிடங்கில் குவிந்து மக்கினால் வரும் மீத்தேன் வாயுவும் குறையும். ஆனால் ஒன்று, தரம் பிரிக்காத குப்பையை அங்கே கொட்டினால் திரும்ப அள்ளிக்கொண்டு போக இன்னொரு நடை ஆகும்.

தணிக்கைக்காரன்:

இரண்டு விஷயம். 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளுக்கு 1.4.2023 முதல் பதிவைப் புதுப்பிப்பதில்லை, உள்ளாட்சி வண்டிகளும் அதில் அடக்கம். ஆர்சி புத்தகங்களை எடுத்து வயதைப் பாருங்கள். எப்படியும் கழிக்க வேண்டிய வண்டிக்குப் பதிலாக எலக்ட்ரிக் கேட்டால் மன்றத்தில் கேள்வி குறைவு. அந்த வண்டிகளுக்குப் புது கியர் பாக்ஸ் போட்டு பில் வைக்காதீர்கள், தணிக்கையில் தடை எழுதுவோம்.

டெண்டரில் விலையை மட்டும் பார்த்து வாங்கியதால்தான் கோழி முட்டையிடுகிறது. பேட்டரி உத்தரவாதம் எத்தனை வருடம், புகார் கொடுத்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வர வேண்டும், வராத நாளுக்கு எவ்வளவு பிடித்தம் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. ஆர்சி பார்த்தேன், இரண்டு டிப்பருக்கு அடுத்த வருடத்தோடு 15 முடிகிறது. அந்த இரண்டுக்கு மட்டும் எலக்ட்ரிக், மற்றவற்றுக்குப் பேட்டரி, செல்ஃப், மீட்டர் கேபிள் என்று குறிப்பு எழுதப்போகிறேன். ஐயா, ஷெட் கூரையில் சோலார் போட்டால் அந்த 5 கிலோவும் குறையுமா? ராத்திரிதானே சார்ஜ் போடுவோம்?

பழைய ஃபோர்மேன்:

ஏன் ராத்திரி? குப்பை வண்டி மதியம் ஒரு மணிக்கெல்லாம் ஷெட்டுக்கு வந்துவிடுகிறது. நாலு மணி வரை நல்ல வெயில். வந்ததும் பிளக்கில் மாட்டச் சொல்லுங்கள். சார்ஜிங்குக்குத் தனி மீட்டர் வையுங்கள் தம்பி, இல்லையென்றால் அலுவலக ஏசி ஓடிய யூனிட்டெல்லாம் உங்கள் வண்டிக் கணக்கில்தான் வந்து விழும்.