எலக்ட்ரானிக் இசை படிக்க எந்தப் புத்தகம் முதலில்: வரலாறா, கருவியா?

தாளக்கட்டு:
ஹவுஸ், டெக்னோ, ஜங்கிள் என்ற எலக்ட்ரானிக் நடன இசை வகைகள் எல்லாம் ஒன்றுபோலக் கேட்கிறது, எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார். வரலாற்றில்தான். டேன் சிக்கோவின் ‘டெக்னோ ரெபல்ஸ்’ எடுங்க. 1999 பதிப்பு வேண்டாம், 2010இல் வந்த திருத்திய பதிப்பு. டெக்னோ பிறந்த டெட்ராய்ட் நகரை விட்டு அதிகம் நகராது, ஆனால் அங்கே ஆழமாகத் தோண்டும். அடுத்து சைமன் ரெனால்ட்ஸின் ‘எனர்ஜி ஃப்ளாஷ்’. 1998இல் இதே நூல் அமெரிக்காவில் ‘ஜெனரேஷன் எக்ஸ்டஸி’ என்ற பெயரில் வந்தது. வேறு நூல் என்று நினைத்து இரண்டுக்கும் காசு கொடுத்துவிடாதீங்க.

பிடோக்_மாடுலர்:
அண்ணா, வரலாறு படித்தால் பெயர்கள் மனப்பாடமாகும், காது திறக்காது. சிகாகோவின் ஃபியூச்சர் குழு 1987இல் ‘ஆசிட் ட்ராக்ஸ்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டது என்று தெரிந்து என்ன பயன்? அந்த நெளியும் ஒலி ரோலண்ட் டிபி-303 என்ற பேஸ் சிந்தசைசரில் இருந்து வருகிறது. ஒரு பேட்டர்னில் 16 ஸ்டெப் (நோட்டு வைக்கும் இடம்), ஒவ்வொன்றிலும் ஆக்சென்ட் (அழுத்தம்), ஸ்லைடு போடலாம். ஸ்லைடு விழுந்த இடத்தில் சுருதி அடுத்த நோட்டுக்கு வழுக்கிக்கொண்டு போகும், நம்ம கர்நாடக சங்கீத ஜாரு மாதிரி. பேட்டர்ன் ஓடும்போதே ஃபில்டரின் ரெசனன்ஸைக் (வெட்டும் இடத்தைத் தூக்கிக் காட்டுவது) கூட்டி, கட்ஆஃப் (எந்த அதிர்வெண்ணுக்கு மேல் வெட்டுவது) குமிழைத் திருகினால் அதே நோட்டுகள் முனகலில் இருந்து கீச்சுக்குரலுக்கு ஏறும். இது புரிந்தவருக்கு, இந்த ஒலியால் பெயர்பெற்ற ஹவுஸ் கிளையான ஆசிட் ஹவுஸை அடையாளம் காண 2 வினாடி போதும். அதனால் முதலில் கர்டிஸ் ரோட்ஸின் ‘தி கம்ப்யூட்டர் மியூசிக் ட்யூட்டோரியல்’, 2023இல் வந்த இரண்டாம் பதிப்பு.

தாளக்கட்டு:
ரோட்ஸ் அருமையான நூல்தான். ஆனால் முதல் பதிப்பே 1,200 பக்கத்தைத் தாண்டியது. அது ஒலித்தொகுப்பின் பாடநூல், ஹவுஸுக்கும் டெக்னோவுக்கும் வித்தியாசம் கேட்டவருக்கு அதில் பதில் கிடைக்காது.

அலைவரிசை:
இரண்டுக்கும் நடுவே மார்க் பட்லரின் ‘அன்லாக்கிங் தி குரூவ்’ (2006) இருக்கிறது, தாளத்தையே பிரித்துக் காட்டும் நூல். ஜங்கிளுக்கு அந்த மாதிரி வாசிப்புதான் வேண்டும். 1969இல் தி வின்ஸ்டன்ஸ் பதிவுசெய்த ‘ஆமென், பிரதர்’ பாடலின் 4 பார் (தாளச் சுற்று) டிரம் துண்டைத்தான் ஜங்கிள் திரும்பத் திரும்ப எடுத்தாள்கிறது. அதன் வேகம் சுமார் 137 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை அடி). சாம்ப்ளரில் (ஒலித்துண்டைப் பதிந்து மீண்டும் இசைக்கும் கருவி) 165க்கு வேகம் கூட்டினால் சுருதியும் ஏறக்குறைய 3 அரைச்சுரம் ஏறிவிடும். ஜங்கிளில் ஸ்நேர் டிரம் தகரம் போல ஒலிக்க அதுவும் ஒரு காரணம். எந்தப் புத்தகமானாலும் பக்கத்தில் பாட்டை ஓடவிட்டுப் படிக்கணும்.

பிடோக்_மாடுலர்:
வரலாற்று நூல் வாங்கும் முன் பின்பக்கச் சொல்லடைவில் இந்தி சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் பெயர் இருக்கிறதா பாருங்க. 1982இல் இந்தியாவில் அவர் டிபி-303, டிஆர்-808 டிரம் மெஷின் இரண்டையும் வைத்து 10 ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வெளியிட்டார். ‘ஆசிட் ட்ராக்ஸு’க்கு 5 வருஷம் முன்னாடி! அந்த இசைத்தட்டு மறுபடி வெளியானதே 2010இல்தான், அதனால் 90களில் எழுதிய நூல்களில் அவரைத் தேடுவது வீண்.

தாளக்கட்டு:
அந்த விடுபடல் எனக்கும் வலிக்கிற விஷயம்தான். ஆனால் முன்னோடி வேறு, மூலம் வேறு. சிகாகோக்காரர்கள் அவரைக் கேட்டுத்தான் செய்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை. இதைப் பிரித்துச் சொல்ல வரலாறு வேண்டும் தம்பி, குமிழ் போதாது.

அலைவரிசை:
தேடும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். நூலகத்தில் ஒரே அலமாரியைப் பார்த்துவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று திரும்புகிறார்கள். டியூயி வகைப்பாட்டு எண்படி கருவி நூல்கள் 786.7இல் இருக்கும், வகைகளின் வரலாறு 781.64 பக்கம். சிங்கப்பூர் எஸ்பிளனேடில் இருக்கும் கலை நூலகத்தில் இரண்டையும் பாருங்க. விக்டோரியா ஸ்ட்ரீட் குறிப்புதவி நூலகத்தில் இருந்தால் இரவல் கிடையாது, அங்கேயே உட்கார்ந்துதான் படிக்கணும். இரவல் கிடைத்தாலும் 21 நாள்தான், ரோட்ஸை முழுதாக முடிக்க முடியாது. வேண்டிய அத்தியாயத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்க.

பிடோக்_மாடுலர்:
ரோட்ஸில் ஃபில்டர் பகுதி. அதில் தொடங்குங்க.

தாளக்கட்டு:
சிக்கோவை முடித்த பிறகு!