படைத்த பொங்கலும் மூடின தட்டும்: பல சமயத்தார் கூடிச் சாப்பிடும் இடங்களில் கண்டவை, திருகோணமலை மாவட்டத்துப் பல ஊரார் எழுதியவை

உப்புவெளியிலிருந்து:

ஒரு கந்தோர்ப் பொங்கல். வாழையிலைத் துண்டில் சர்க்கரைப் பொங்கல், பக்கத்தில் கதலிப்பழம். கணக்குப் பிரிவில் வேலை செய்கிற முஸ்லிம் நானா தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். "இப்பதான் சாப்பிட்டேன், பிறகு எடுக்கிறேன்" என்று சொல்லி, இன்னொரு தட்டால் மூடி ஜன்னல் கட்டில் வைத்துவிட்டுப் போனார். பதினொரு மணிக்கு அந்தத் தட்டுக்கு எறும்பு வரிசை கட்டிவிட்டது. அதைத் தூக்கிக் கொட்டியது விடியப்புறம் எழும்பிப் பொங்கின அக்காவே. பின்னேரத்துக்குள் "நாங்க குடுத்தா அவங்க தொடமாட்டாங்க" என்ற கதை மேல்மாடி வரைக்கும் போய்விட்டது.

காரணம் பொங்கல் இல்லை, படையல். வேறு தெய்வத்துக்குப் படைத்ததை உண்ணக்கூடாது என்பது அவர்கள் மார்க்கம். அரிசியும் சர்க்கரையும் பயறும் அவர்களுக்கு ஆகாததில்லை. ஆகவே ஒரே பானையில் படைக்க முதல் ஒரு கரண்டி எடுத்து வைத்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரிவராது. எடுத்த மிச்சத்தைச் சுவாமிக்கு வைத்ததாகிவிடும், பொங்கினவர் மனம் நோகும். இரண்டாவது பானைதான் வழி.

பன்னிரண்டு பேருக்குச் சின்ன அளவு என்றால்: பச்சையரிசி 500 கிராம், வறுத்துக் கோது நீக்கிய பயறு 125 கிராம், சர்க்கரை 500 கிராம், ஒரு பெரிய தேங்காயின் பால், கஜுவும் பிளம்ஸும் (உலர்ந்த திராட்சை) ஐம்பது ஐம்பது கிராம், நெய் இரண்டு மேசைக்கரண்டி. சர்க்கரையைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து வடித்துச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மண் கடிக்கும். அரிசி நன்றாகக் குழைய முதல் சர்க்கரையைப் போட்டால் பிறகு எவ்வளவு நேரம் எரித்தாலும் அரிசி விறைத்தபடிதான் நிற்கும். இந்தப் பானையைக் கோலத்துக்கும் கும்பத்துக்கும் பக்கத்தில் வைக்காமல் உள்ளே காஸ் அடுப்பில் ஏற்றுங்கள். பெரும்பாலும் பிழைக்கிற இடம் கடைசியில்தான். படையல் முடிந்ததும் யாராவது தீர்த்தத்தை இரண்டு பானையிலும் தெளித்துவிடுவார்கள், அல்லது படைத்த பானையின் அகப்பையை இதற்குள் விடுவார்கள். அகப்பைக்கு ஒருவரைப் பொறுப்பு வைத்தால் இது நடக்காது.

கிண்ணியாவிலிருந்து, கலியாணச் சமையல் செய்கிறவர்:

அக்கா, இரண்டாவது பானை சரி. ஆனால் "அவர்கள்" என்று எல்லோரையும் ஒரே சாக்கில் கட்டிவிட்டீர்கள். படைத்தது என்று தெரிந்தால் தொடாதவர்தான் கூட. சிநேகிதத்துக்காக வாய் திறக்காமல் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோகாமல் வழியில் வேறு யாருக்கும் கொடுக்கிறவரும் உண்டு. முதல் நாளே தனியாகக் கேட்பதுதான் நல்லது. சபையில் கேட்டால் யாருமே "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்கள்.

எங்கட பக்கத்துப் பிழையையும் சொல்லவேணும். நோன்புக் கஞ்சி. அஸர் என்ற பின்னேரத் தொழுகைக்குப் பிறகு வாளி வாளியாகப் பக்கத்து வீடுகளுக்குப் போகும். ஒரு சைவ அம்மா மூடியைத் திறந்து கரண்டியை விட்டுக் கிளறினா. அடியிலிருந்து மாட்டெலும்பு ஒன்று மேலே வந்தது. அவ ஒன்றும் பேசவில்லை. மூடியைத் திருப்பிப் போட்டு, வாளியை வாசற்படியில் வைத்து, கையைக் கழுவப் போய்விட்டா. கொண்டுபோன சின்னப் பொடியன் அந்த வாளியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கஞ்சியில் இறைச்சி இருக்கும் என்பது எங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை, அதனால் சொல்ல மறந்துவிடுகிறோம். மரக்கறிக் கஞ்சியைக் கடைசியில் வடித்தெடுக்க ஏலாது, தொடக்கத்திலேயே பிரிக்க வேண்டும். ஒரு கிலோ அரிசிக்கு எட்டு லீற்றர் தண்ணீர், இரண்டு தேங்காய்ப் பால், கைப்பிடி உள்ளி, இரண்டு விரல் இஞ்சி, ரம்பைத் துண்டு, ஒரு தேக்கரண்டி வெந்தயம். சின்னக் கோப்பையால் நாற்பது கோப்பை அளவில் வரும். அரிசி கரைந்து, பால் விட முதல், எவ்வளவு மரக்கறிக்கு வேணுமோ அதை வேறு சட்டிக்கு மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகுதான் எலும்பு அவித்த சாறு பெரிய கிடாரத்துக்குள் போகவேணும். மாற்றின சட்டிக்குத் தனி அகப்பை. போன கிழமை இறைச்சிக் கறி கொண்டுபோன பிளாஸ்ரிக் வாளியில் ஊற்றவேண்டாம், எத்தனை தரம் கழுவினாலும் மணம் நிற்கும். சில்வர் தூக்குச்சட்டி நல்லது.

பாலையூற்றிலிருந்து:

இரண்டு பேரும் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் பானையைப் பிரித்தவர்கள் அடுத்து மேசையைப் பிரிப்பார்கள் என்ற பயம் இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பாடசாலை ஒன்றுகூடலில் மூன்று மேசை, மூன்றிலும் மட்டைத்துண்டு: சைவம், ஹலால், மற்றவர்கள். நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பரிமாறின தட்டோடு தன் கூட்டாளி இருக்கிற மேசைக்கு நடந்தது. பரிமாறின ரீச்சர் தோளில் பிடித்துத் திருப்பி, "உங்கட மேசை அங்க" என்றா. அந்தப் பிள்ளைக்குத் தான் "மற்றவர்" என்பது அன்றுதான் தெரிந்தது.

பெயர் எழுதவேண்டியது சாப்பாட்டுக்கு, ஆளுக்கில்லை. ஒரே நீள மேசை போடுங்கள். ஒரு தலைப்பில் சோறு, பருப்பு, மரக்கறி. நடுவில் சம்பல், பப்படம். மறு தலைப்பில் மீன், கடைசியில் கோழி. ஆட்கள் மரக்கறித் தலைப்பிலிருந்துதான் நடக்கவேண்டும், எதிர்ப்பக்கம் தொடங்கினால் கோழிக்குழம்புக் கரண்டி பருப்புக்குள் வந்துவிடும். கோழி முழுவதும் ஹலாலாக வாங்கிவிட்டால் அந்தப் பிரிவே தேவையில்லை, மற்றவர்களுக்கு அதனால் ஒரு குறையுமில்லை. சட்டிக்கு முன்னால் உள்ள மட்டையில் "மரக்கறி" என்று மட்டும் எழுதாமல் உள்ளே என்ன போட்டது என்று எழுதுங்கள். சீனிச் சம்பலிலும் தேங்காய்ச் சம்பலிலும் மாசிக் கருவாடு இடித்துப் போடுவது இங்கே வழக்கம், பார்வைக்குத் தெரியாது. மீன் பொரித்த எண்ணெயில் பப்படம் பொரித்தாலும் சைவக்காரர் சாப்பிட்டது மீன்தான். ஆகவே பப்படத்தை முதலில் பொரித்து மூடி வைத்துவிட்டு மீனைப் போடுங்கள். ஜெலி வைப்பதென்றால் மிருகத் தோல், எலும்பிலிருந்து எடுக்கிற ஜெலற்றின் பக்கெற்றை விட்டு, கிண்ணியாப் பக்கம் நோன்புக்குக் காய்ச்சுகிற கடப்பாசியே (கடற்பாசி) எல்லோருக்கும் பொருந்தும்.

படையல் சாப்பிடாதவர்கள் முஸ்லிம்கள் மட்டுமில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் 8ஆம், 10ஆம் அதிகாரங்கள் இந்தக் கேள்வியைப் பற்றியவையே. பெந்தெகொஸ்தே சபைகளில் பலர் இதில் கண்டிப்பு. கத்தோலிக்க வீடுகளுக்குத் திருநீற்றுப் புதனும் தவக்கால வெள்ளியும்தான் கவனிக்க வேண்டிய நாட்கள். அன்று இறைச்சி இல்லை, மீன் ஆகும்.

நத்தார்க் கேக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழங்களைப் பிராண்டியில் ஊறப்போட்ட கேக்கை எண்ணெய்த்தாளில் சுற்றி முஸ்லிம் வீட்டுக்குக் கொடுப்பது அன்பாலே செய்கிற பிழை. அவர்களுக்கென்று ஒரு தட்டு தோடம்பழச் சாற்றில் ஊறவைத்துச் சுடுங்கள். அந்தக் கேக் நாள்பட நிற்காது, ஒரு கிழமைக்குள் முடிக்கவேண்டும், அதையும் சொல்லிக் கொடுங்கள்.

உப்புவெளியிலிருந்து:

மூன்று மேசை போடச் சொல்லி நான் எழுதவில்லையே அண்ணா. பானை குசினிக்குள் பிரிகிறது, பரிமாறும்போது ஒரே வரிசைதான்.

சீனக்குடாவிலிருந்து:

சாப்பாட்டைப் பார்க்க முதல் திகதியைப் பாருங்கள். பூரணைப் போயா விடுமுறை என்றபடியால் அன்றைக்கே எல்லோரும் வரலாம் என்று மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு வைத்த இடம் ஒன்று. வெள்ளை உடுத்த சிங்கள அம்மா ஒருவர் விகாரையிலிருந்து நேரே வந்திருந்தார். எட்டுச் சில் (பௌத்தரின் எட்டு ஒழுக்க விதி) எடுத்தவர். நடுப்பகல் தாண்டினால் அவர்கள் திட உணவு உண்ணமாட்டார்கள். எல்லோரும் சாப்பிட, அவர் கையில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு இரண்டு மணித்தியாலம் சிரித்துக்கொண்டிருந்தார். கேட்டிருந்தால் பதினொரு மணிக்குப் பந்தி வைத்திருக்கலாம். கேட்காதது போகட்டும், பால் விடாத பிளேன்ரீயாவது கொடுத்திருக்கலாம். பால் அவர்களுக்கு உணவுக் கணக்கில் வரும்.

இனி நாள் பார்க்கிற முறையை எழுதுகிறேன், யாரும் கேட்காவிட்டாலும். திருகோணமலை மாவட்டத்தில் எந்தச் சமூகமும் பாதிக்கு மேல் இல்லை. ஆகவே ஒரு கலண்டரை மட்டும் பார்த்து நாள் குறித்தால் கட்டாயம் யாரோ ஒருவர் விடுபடுவார். போயா ஒவ்வொரு பூரணையிலும் வரும். அன்று இறைச்சிக்கடையும் சாராயக்கடையும் பூட்டு, கோழி வேண்டுமென்றால் முதல் நாளே வாங்கிக் குளிரூட்டியில் வைக்கவேண்டும். இஸ்லாமிய ஆண்டு நமது ஆண்டைவிட ஏறக்குறைய பதினொரு நாள் குறைவு. அதனால் ரமழான் ஒவ்வொரு வருசமும் முன்னுக்கு நகரும், போன வருசத்துத் திகதியை வைத்து மண்டபம் எடுக்காதீர்கள். பிறை பார்த்துத்தான் முடிவு வரும். ஆகவே தொடக்கத்திலும் பெருநாளிலும் ஒரு நாள் முன்பின்னாக இடம் விடுங்கள். இந்துக்களுக்குச் சிவராத்திரி, கேதாரகௌரி 21 நாள், கந்தசஷ்டி 6 நாள், நவராத்திரி. வெள்ளிக்கிழமை மரக்கறி என்பது பல வீடுகளில் வருசம் முழுக்க. அதே வெள்ளிதான் முஸ்லிம்களின் ஜும்ஆத் தொழுகை, பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எந்தக் கூட்டமும் வைக்கக்கூடாது.

2026ஐப் பாருங்கள். பெப்ரவரி 15 மகா சிவராத்திரி, 18 திருநீற்றுப் புதன், ரமழானும் அதே கிழமையில். அந்தக் கிழமை மதியச் சாப்பாடு வைத்திருந்தால் யார் வந்து சாப்பிட்டிருப்பார்கள்? அப்படியான காலத்தில் மதியத்தை விட்டுப் பின்னேரம் ஆறு மணி தாண்டி நோன்பு திறக்கிற இப்தாரோடு வைத்தால் எல்லோரும் ஒன்றாக உட்காரலாம். பாங்கு (தொழுகை அழைப்பு) சொன்னவுடன் பேரீச்சம்பழமும் தண்ணீரும், பிறகு மஃரிப் தொழுகைக்குக் கால் மணித்தியாலம் விட்டு, சோறு. அந்தக் கால் மணித்தியாலத்தில் மற்றவர்களைச் சாப்பிடச் சொல்லிவிட வேண்டாம். காத்திருந்து சேர்ந்து சாப்பிட்டால் வந்தவர்களுக்கு அது பெரிய சந்தோசம்.

நிலாவெளியிலிருந்து:

சாப்பாட்டை விடச் சத்தம்தான் மனிதரைப் பிரிக்கிறது. கோயில் திருவிழாப் பாட்டு ஒரு பக்கம், பாங்கு ஒரு பக்கம், விகாரைப் பிரித் ஓதல் ஒரு பக்கம். 2007இல் உயர் நீதிமன்றம் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பொலிஸ் அனுமதிக் கடதாசியில் நேரம் எழுதியிருக்கும், அதை வாசித்தாலே பாதிச் சண்டை தீரும்.

கிண்ணியாவிலிருந்து:

தம்பி, கடதாசியைக் காட்டி நிறுத்தினால் சத்தம் நிற்கும், கதையும் நின்றுபோகும். கோயில் சபைத் தலைவரிடமும் பள்ளியில் பாங்கு சொல்கிற முஅத்தினிடமும் ஒருவருக்கொருவர் தொலைபேசி இலக்கம் இருக்கட்டும். பாங்கு நாலு நிமிசம்தான். அந்த நாலு நிமிசம் பாட்டை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், கோயில் தேர் வீதியில் வரும்போது பள்ளி வாசலில் தண்ணீர்ப்பந்தல் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மூதூரிலிருந்து:

சாவு வீட்டையும் சேருங்கள். ஒரு முஸ்லிம் வீட்டில் காலையில் மௌத்து (மரணம்), ளுஹர் என்ற நடுப்பகல் தொழுகைக்குப் பிறகு அடக்கம். பின்னேரம் நாலு மணிக்கு ஒரு மலர்வளையத்தோடு கூட வேலை செய்தவர் வந்து நின்றார். வீட்டில் ஜனாஸா (உடல்) இல்லை, மலர்வளையத்தை எங்கே வைப்பதென்று அவருக்கும் தெரியவில்லை, வீட்டாருக்கும் தெரியவில்லை. கடைசியில் மதிலில் சாத்தினார்கள், மழை வந்தது.

செய்தி கேட்ட அந்த மணியிலேயே புறப்படவேண்டும். பூ வேண்டாம். சீனி, தேயிலை, பிஸ்கற் கொண்டுபோகலாம், அந்த நாட்களில் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. மறுபக்கம், சைவர் வீட்டுச் செத்தவீட்டுக்குப் போகிற முஸ்லிம்கள் வாய்க்கரிசி போடுகிற வரிசைக்குப் பின்னால் நின்றால் போதும், யாரும் பிழையாக எடுக்கமாட்டார்கள். 31ஆம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் அதிலும் படையல் உண்டு. வீட்டாரிடம் முன்கூட்டியே "வந்து இருந்துவிட்டுப் போகிறேன், தேத்தண்ணி மட்டும் தாங்கோ" என்று சொன்னால் முடிந்தது.

உப்புவெளியிலிருந்து:

கிண்ணியா நானாவிடம் ஒரு கேள்வி. இரண்டாவது பானைக்கு நெய் விடுவதா? விளக்குக்கு எடுத்த அதே போத்தல் நெய் என்றால் குற்றமா?

கிண்ணியாவிலிருந்து:

போத்தலில் இருக்கிறவரைக்கும் அது நெய்தான் அக்கா, குற்றமில்லை. விளக்கில் ஊற்றின கரண்டியைத் திரும்பப் போத்தலுக்குள் விடாமல் பாருங்கள். மனம் கேட்காவிட்டால் 100 கிராம் போத்தல் ஒன்று புதிதாக உடையுங்கள். அந்தக் கணக்குப் பிரிவு நானாவுக்கும் ஒரு வார்த்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள், அவர் வீட்டில் சாப்பிடாமல் வரட்டும்.