சீன மருந்தும் வலிப்பு மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டவர்கள் இருக்கிறீர்களா?

ஈசூன் அக்கா:
தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. ஃபெனிடாயின் என்ற வலிப்பு மாத்திரையைத் தவறாமல் போடுவான். அப்படியும் எப்போதாவது வந்துவிடும். யாரோ சொன்னார்கள் என்று அம்மா ஒரு சீன மருந்துக்கடையில் கறுப்பு உருண்டை வாங்கி வந்தார். சுத்த மூலிகையாம். வலிப்பு அடியோடு நின்றது! அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் தம்பி குடித்தவன் மாதிரித் தள்ளாட ஆரம்பித்தான். நாக்குக் குழறியது. ஓரமாகப் பார்க்கச் சொன்னால் கருவிழி துடித்தது. அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்தார்கள். ஃபெனிடாயின் ரத்தத்தில் லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் இருக்கலாமாம். இவனுக்கு எங்கேயோ போயிருந்தது. உருண்டையைச் சோதித்தால் அதற்குள்ளும் அதே ஃபெனிடாயின். மூலிகையின் மகிமை என்று அம்மா ஊரெல்லாம் சொன்னது இதைத்தான். ஹாங்காங்கிலும் இப்படி நடந்து, 2000-லேயே மருத்துவ இதழில் வந்திருக்கிறது என்றார் டாக்டர்.

தோபாயோ அப்பா:
எங்களுக்கு வாய்த்த சின்சே, அதாவது சீன வைத்தியர், வேறு மாதிரி, அக்கா. நாடி பிடிப்பதற்கு முன்னாலேயே மகளின் மாத்திரை அட்டையைக் கேட்டார். அவள் போடும் வலிப்பு மருந்து வால்புரோயேட் என்று குறித்துக்கொண்டு, தியான்மா, கௌதெங் என்ற இரண்டு மூலிகைகளை எழுதினார். சளிக்குக்கூட மாஹுவாங் என்ற மூலிகை சேர்ந்த கஷாயம் கூடாது, வலிப்பைக் கிளப்பிவிடும் என்றார். இனிப்பில் போடும் கிங்கோ கொட்டைக்கும் தடை. அதிலிருக்கும் நஞ்சு வைட்டமின் பி6-ஐ வேலை செய்யவிடாதாம், அதுவும் வலிப்பில் கொண்டுபோய் விடுமாம். சீட்டை நரம்பு டாக்டரிடம் காட்டினோம். வால்புரோயேட்டே கல்லீரலைப் படுத்தும் என்பதால் அதற்கொரு ரத்தப் பரிசோதனை எழுதினார். வலிப்பு குறைந்ததா என்றால், அடித்துச் சொல்ல முடியாது. நன்றாகத் தூங்குகிறாள், அவ்வளவுதான்.

மருந்தகத்துக்காரன்:
கஷாயத்தைவிட உருண்டைக்குத்தான் நான் பயப்படுவேன். பொட்டலத்தைப் பிரித்தால் வேர், பட்டை, கௌதெங்கின் வளைந்த கொக்கிகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். உருண்டையில் என்ன தெரியும்? சில பழைய உருண்டைகளில் சாதிலிங்கம்கூட உண்டு, அது பாதரசம் கலந்த தாது. பலன் விஷயத்தில், பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2009-இல் வெளியிட்ட அலசலே, வலிப்புக்குச் சீன மருந்து பலன் தரும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது.

இன்னொன்று. மூலிகை கேட்கிறது என்று மாத்திரையைச் சட்டென நிறுத்திவிட்டு, விடாத வலிப்போடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஈசூன் அக்கா:
தோபாயோ அண்ணே, அந்தச் சின்சே சீட்டைச் சீனத்தில் மட்டும் எழுதினாரா, இல்லை டாக்டருக்குப் புரிகிற மாதிரி செடியின் அறிவியல் பெயரும் போட்டாரா? அம்மா இன்னும் விடுவதாக இல்லை.